மெத்தையில் கூட்டல், ஏட்டில் சராசரி

1

விளையாட்டில் கெட்டிக்காரனாக இருக்கிற பையனைப் பார்த்து, 'உடம்பு வளர்ந்த அளவுக்கு மண்டை வளரலை' என்று நக்கல் பண்ணுகிற வழக்கம் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களிலும் உண்டு. மல்யுத்தம் பண்ணுகிற பையன்களுக்கு இது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும். வேர்வை நாத்தம் பிடித்த மெத்தையில் இன்னொருத்தன் உடம்போடு உடம்பாகப் புரளுகிற விளையாட்டு அது. காது மடல் நசுங்கி, ரத்தம் கட்டி, காலிஃபிளவர் மாதிரி ஆகிவிடும். அந்தக் காதோடு ஒருத்தன் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அவனிடம் யாரும் விடை கேட்கமாட்டார்கள்.

இந்த நக்கலுக்குப் பதில் சொல்கிற மாதிரி அங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. பல மாநிலங்களில், மெத்தையில் ஜெயித்த உயர்நிலைப் பள்ளி அணிக்குக் கோப்பை கொடுப்பதோடு, படிப்பில் சிறந்து நிற்கிற மல்யுத்த அணிக்கும் தனியாக விருது கொடுக்கிறார்கள். அணியில் உள்ள மாணவர்களின் மதிப்பெண்ணைக் கூட்டி, வகுத்து, சராசரி எடுத்து, எந்த அணியின் சராசரி உயரமோ அதற்குப் பாராட்டு. தனி ஆளுக்கும் விருதுகள் உண்டு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கி, 1996-இல் சுட்டுக் கொல்லப்பட்ட டேவ் ஷுல்ட்ஸ் பெயரில் அமெரிக்க தேசிய மல்யுத்தப் புகழ்மன்றம் ஒன்று தருகிறது. விளையாட்டு, படிப்பு, நடத்தை மூன்றையும் பார்த்துத் தருகிற விருது அது. ஷுல்ட்ஸ் சின்ன வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறியவர். இதை ஒரு ஓரமாக ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம்.

உடம்பால் உழைக்கிறவனுக்கு அறிவு கிடையாது என்று சொல்லிச் சொல்லியே பள்ளிக்கூடக் கதவைச் சாத்தினவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். அதனால் மல்லர்கள் படிப்பில் விருது வாங்கினார்கள் என்கிற செய்தி முதல் வாசிப்பில் நமக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு அணி 'படிப்பில் சிறந்தது' என்றால் என்ன அர்த்தம்? அணியில் இருக்கிற எல்லோரும் படித்தார்கள் என்றா? இல்லை, படிக்க முடியாதவன் அந்த அணியில் இல்லை என்றா?

இரண்டும் ஒன்றில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே கோப்பைதான்.

2

மல்யுத்த மெத்தையை நான் மிதித்ததில்லை. அதன் விதிகளைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. முரட்டு விளையாட்டு என்று நினைத்திருந்ததற்குள் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது.

இரண்டு பள்ளிகள் மோதும்போது ஒவ்வொரு எடைக்கும் ஒருத்தர் இறங்க வேண்டும். எத்தனை எடைப்பிரிவு என்பதை 2023-24 பருவத்திலிருந்து 12, 13, 14 ஆகியவற்றில் ஒன்றாக மாநிலங்களே தேர்ந்துகொள்கின்றன. 14 பிரிவு என்றால் 106 பவுண்டில் தொடங்கி 285 பவுண்டில் முடியும். நம் கணக்கில் 48 கிலோவிலிருந்து 129 கிலோ வரை. நோஞ்சான் பையனுக்கும் அங்கே ஓர் இடம், குண்டுப் பையனுக்கும் ஓர் இடம். மற்ற விளையாட்டுகளில் குள்ளமாக இருக்கிறான், ஒல்லியாக இருக்கிறான் என்று ஓரமாக உட்காரவைக்கப்பட்டவனைத் தேடிக் கூப்பிடுகிற விளையாட்டு இது.

இனி புள்ளிக் கணக்கு. எதிராளியின் தோள்பட்டை இரண்டையும் மெத்தையில் இரண்டு வினாடி அழுத்திப் பிடித்துவிட்டால் அணிக்கு 6 புள்ளி. அப்படி மல்லாத்த முடியாமல், எட்டுக்குக் குறைவான புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தால் 3. ஒரு எடைக்கு ஆளே இல்லையென்றால்? எதிரணிக்குச் சும்மாவே 6 புள்ளி போய்விடும். ஆள் இல்லாத இடமும் மல்லாந்து விழுந்த இடமும் விதிக்கு ஒன்றுதான்.

இதை யோசித்துப் பாருங்கள். நேற்றுச் சேர்ந்தவன், இன்னும் காலைப் பிடித்து இழுக்கக்கூடச் சரியாகத் தெரியாதவன், அவனும் அணிக்கு வேண்டும். இரண்டு நிமிடம், இரண்டு நிமிடம், இரண்டு நிமிடம் என்று மூன்று சுற்று முதுகைக் கீழே காட்டாமல், பெரிய வித்தியாசம் விடாமல் தாக்குப்பிடித்துத் தோற்றால் எதிரிக்கு 3 புள்ளிதான். அவன் வராமலே போயிருந்தால் 6. தோற்றவன் தன் அணிக்கு 3 புள்ளியைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறான். அவனுடைய தோல்விக்கும் கணக்கில் ஒரு மதிப்பு இருக்கிறது.

இன்னொரு விதி. பார்வையற்ற ஒருவர் மெத்தையில் இறங்கினால், நின்று மோதும்போது இருவரும் விரல் நுனிகளைத் தொட்டபடிதான் தொடங்க வேண்டும். நிற்கிற நிலையில் அந்தத் தொடுகை விடுபடக் கூடாது. இதனால் அவருக்கு ஒரு புள்ளிகூட இனாமாகக் கிடைப்பதில்லை. தோள்பட்டை அழுந்தினால் அவரும் தோற்றவர்தான். எதிராளி எங்கே நிற்கிறான் என்று தெரிந்துகொள்கிற வாய்ப்பு மட்டும் சமமாகிறது. அரிசோனா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியில் மல்யுத்தம் தொடங்கிய ஆந்தனி ரோபிள்ஸ், பிறக்கும்போதே ஒற்றைக் காலோடு பிறந்தவர். 2011-இல் 125 பவுண்டுப் பிரிவில் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய சாம்பியன் ஆனார். அவரைப் பார்த்து யாரும் 'சலுகை' என்று சொல்லவில்லை. இறங்குவதற்கு இடம் இருந்தது, இறங்கினார், ஜெயித்தார்.

சுருக்கமாகச் சொன்னால், மெத்தையில் நடப்பது கூட்டல். கூட்டலில் ஒவ்வொருத்தரும் வேண்டும்.

3

இப்போ அதே அணியின் மதிப்பெண் ஏட்டைத் திறப்போம். அமெரிக்கப் பள்ளிகளில் முதல் தரத்துக்கு 4, அடுத்ததற்கு 3, 2, 1 என்று போய், தேறாததற்கு 0. எல்லாப் பாடத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அதுதான் ஒரு மாணவரின் ஜி.பி.ஏ.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். அணியில் 14 பேர். 13 பேருக்குத் தலைக்கு 3.5. பதினாலாவது பையனுக்கு 1.4. கூட்டினால் 46.9. வகுத்தால் 3.35. விருது கிடைக்கிற உயரத்துக்குக் கொஞ்சம் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோச்சுக்கு முன்னால் இரண்டு வழி. முதல் வழி, அந்தப் பையனோடு சாயங்காலம் சாயங்காலம் உட்காருவது. பாடம் புரியவில்லையா, வீட்டில் விளக்கு இல்லையா, அப்பா குடிக்கிறாரா, ராத்திரி கடையில் வேலைக்குப் போகிறானா என்று கேட்பது. ஒரு வருசம் முழுக்க முட்டி மோதி அவனை 1.4-லிருந்து 2.4-க்கு ஏற்றிவிடுகிறார்கள். சாதாரணச் சாதனை இல்லை இது. ஒரு முழுத் தரம் உயர்ந்திருக்கிறான். அணியின் சராசரி எவ்வளவு உயரும்? 3.35 என்பது 3.42 ஆகும். ஏழு நூறில் ஒரு பங்கு.

இரண்டாவது வழி, அவனை அணியில் இல்லாமல் ஆக்குவது. சராசரி உடனே 3.5. பதினைந்து நூறில் ஒரு பங்கு ஏற்றம். ஒரு சாயங்காலம்கூடச் செலவில்லை.

தூக்கிவிடுவதைவிடத் தள்ளிவிடுவதில் இரண்டு மடங்கு லாபம். இதுதான் சராசரியின் நியாயம். எந்தக் கோச்சும் இப்படிச் செய்தார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர்களால்தான் பல அணிகள் படிப்பில் மேலே வந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் சொல்வது கணக்கைப் பற்றி. நல்ல மனுசர் அந்தக் கணக்கை மீறி நல்லது செய்யலாம். ஆனால் மீறித்தான் செய்ய வேண்டியிருக்கிறது. மெத்தையின் கணக்கோ, மனசு கெட்ட கோச்சைக்கூடப் பதினாலாவது பையனைத் தேடிப் போக வைக்கும். ஒழுக்கம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? நல்லவர்களின் நல்ல மனசையா, இல்லை, கெட்டவனையும் நியாயமாக நடக்க வைக்கிற ஏற்பாட்டையா?

4

இந்தக் கணக்கை நான் அமெரிக்காவிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே பார்த்துவிட்டேன்.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், எங்கள் தெருக்காரன். கணக்கில் தடுமாறுவான். ஆனால் மனசிலேயே கொத்து வேலைக்கு எத்தனை செங்கல் பிடிக்கும் என்று சொல்லிவிடுவான். முழுப் பரீட்சை முடிந்ததும் தலைமையாசிரியர் அவன் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். சித்தாள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தது அந்தம்மா. சேலையில் சிமெண்டு அப்படியே இருந்தது. "ஏம்மா, பத்தாவதுல நாங்க நூத்துக்கு நூறு காட்டியாகணும். உன் பையன் இருந்தா ஸ்கூல் பேரு கெட்டுப்போகும். டி.சி. வாங்கிட்டுப் போயி பிரைவேட்டா எழுதச் சொல்லு." அந்தம்மா கேட்ட ஒரே கேள்வி, "அவன் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டானாங்கய்யா?"

அடுத்த வருசம் பள்ளிக்கூட வாசலில் பேனர் கட்டினார்கள். நூறு சதவீதத் தேர்ச்சி. எங்களுக்கு லட்டு கொடுத்தார்கள். நான் வாங்கித் தின்றேன். அந்த நூறில் நானும் இருந்தேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பொய்க் கணக்கு இல்லை அது. உட்கார்ந்து எழுதியவர்கள் எல்லோருமே தேறினார்கள். உட்கார விடாதவனை யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். அவன் பிரைவேட்டாக எழுதவே இல்லை. இப்போ சென்ட்ரிங் வேலைக்குப் போகிறான்.

5

'சரி, அவன் போனதால் யாருக்கு நட்டம்?' என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு மல்யுத்த வரலாற்றிலிருந்தே ஒரு ஆளைக் காட்டுகிறேன்.

அயோவா மாநிலத்தில் கிரெஸ்கோ என்கிற ஊர்ப்பக்கம் 1914-இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த பையன். உயர்நிலைப் பள்ளியில் மல்யுத்தம் பிடித்தான். 1933-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனான். நுழைவுத் தேர்வில் தோற்றான். அந்தக் கணக்குப்படி அவன் 'தகுதி' இல்லாதவன். நல்லவேளை, முந்தின வருசம்தான் அந்தப் பல்கலைக்கழகம் 'ஜெனரல் காலேஜ்' என்று ஒரு பிரிவைத் தொடங்கியிருந்தது. நேர் வழியில் உள்ளே வர முடியாதவர்களுக்கான பக்கவாசல். அதன் வழியாக நுழைந்து, கொஞ்ச நாளில் வனவியல் படிப்புக்கு மாறினான். கூடவே பல்கலைக்கழக அணியில் மல்யுத்தமும் பண்ணினான். பிறகு முனைவர் பட்டம். பிறகு மெக்சிகோவில் கோதுமை ஆராய்ச்சி. 1970-இல் அமைதிக்கான நோபல் பரிசு. அவர் பெயர் நார்மன் போர்லாக். 1992-இல் மல்யுத்தப் புகழ்மன்றமும் அவரைச் சேர்த்துக்கொண்டது.

பசுமைப் புரட்சி யாருக்கு விளைந்தது, நிலமே இல்லாதவனுக்கு அதில் என்ன கிடைத்தது, மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆனது என்கிற நம் சண்டை தனியாக இருக்கட்டும். அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பையனுடைய அந்த வருசத்துத் தேர்வு மதிப்பெண்ணை எந்த அணியின் சராசரியில் சேர்த்திருந்தாலும் சராசரியை அவன் கீழேதான் இழுத்திருப்பான்.

அந்தப் பக்கவாசல் என்ன ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும். காலப்போக்கில் ஜெனரல் காலேஜுக்குக் கறுப்பின மாணவர்கள், குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் நிறையப் பேர் வந்து சேர்ந்தார்கள். 2005-இல் பல்கலைக்கழக நிர்வாகம் அதைத் தனிக் கல்லூரியாக இல்லாமல் செய்ய முடிவெடுத்தது. உலகத்தின் முதல் மூன்று அரசு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் ஒன்றாக வேண்டும் என்கிற லட்சியத்தின் பேரில் நடந்த சீரமைப்பு அது. மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். 2006-இல் அது இன்னொரு கல்லூரிக்குள் ஒரு துறையாகச் சுருங்கிப்போனது. நோபல் பரிசு பெற்றவர் நுழைந்த வாசலை, நோபல் தரத்துக்கு உயர வேண்டும் என்று சொல்லி அடைத்தார்கள். என் பள்ளிக்கூடத்துப் பேனரும் அந்த லட்சியமும் ஒரே துணியில் நெய்தவை.

6

'அப்போ மார்க்கே வேண்டாம், படிக்கவே வேண்டாம்னு சொல்றியா?' இல்லை. இந்த இடத்தில் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இந்தச் சண்டையை அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்களுக்குள்ளேயே போட்டிருக்கிறார்கள்.

டெக்சாஸ் மாநிலம் 1984-இல் ஒரு சட்டம் போட்டது. தேறினால்தான் விளையாடலாம். ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனாலும் ஆறு வாரத்துக்குப் போட்டியில் இறங்க முடியாது. 1995-இல் அதை மூன்று வாரமாகக் குறைத்தார்கள். கல்லூரி அளவில் 1986-இல் '48-ஆம் தீர்மானம்' நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட பாடங்களில் 2.0 சராசரியும், நுழைவுத் தேர்வில் 700 மதிப்பெண்ணும் இல்லையென்றால் முதலாண்டில் விளையாட முடியாது. இதில் அதிகம் வெளியே நின்றது கறுப்பின மாணவர்கள். 1989 ஜனவரியில், இந்தத் தகுதி இல்லாதவர்களுக்கு உதவித்தொகையே கிடையாது என்று '42-ஆம் தீர்மானம்' வந்தது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்சன், அந்த மாதம் 14-ஆம் தேதி ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் களத்தைவிட்டு வெளிநடப்பு செய்தார். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிற ஒரே வாசலையும் அடைக்கிறீர்கள் என்பது அவர் கோபம். டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் எதிர்ப்பக்கம் நின்றார். நம் பிள்ளைகளிடம் கடுமையாக எதிர்பாருங்கள், எட்டிப் பிடிப்பார்கள், கொஞ்சமாக எதிர்பார்ப்பதே ஒரு அவமானம் என்பது அவர் நிலை.

இருவருமே கறுப்பர்கள். இருவருமே அவமானம் தெரிந்தவர்கள். நான் யார் பக்கம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். 'உன்னால இவ்வளவுதான் முடியும்' என்று முதுகைத் தட்டிக்கொடுக்கிற கருணை எனக்கு வேண்டாம். அது வேறு முகமூடி போட்ட இளக்காரம். அதில் ஆஷ் சொல்வதுதான் சரி. ஆனால் எதிர்பார்ப்பு எங்கே நிற்கிறது என்பதில் தாம்சன் சொல்வது சரி. எதிர்பார்ப்பு வாசலில் காவல்காரனாக நின்றால் அது விலக்கம். உள்ளே வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தால் அது கல்வி. வார்த்தை ஒன்றுதான். நிற்கிற இடம்தான் வேறு.

7

எண்ணைக் கட்டிப்போட முடியாதா? முடியும் என்பதற்கும் மல்யுத்தமே சாட்சி. மெத்தைக்கும் ஒரு கொடூரமான எண் உண்டு: எடை. சின்ன எடைப்பிரிவில் இறங்கினால் ஜெயிப்பது சுலபம் என்று பட்டினி கிடப்பது, ரப்பர் உடை போட்டுக்கொண்டு வேர்வையை வடிப்பது, தண்ணீர் குடிக்காமல் ஓடுவது என்று உடம்பை எண்ணுக்காகச் செதுக்கினார்கள். 1997 நவம்பர், டிசம்பரில் சுமார் ஒரு மாதத்துக்குள் மூன்று கல்லூரி மாணவர்கள் இப்படி எடை குறைக்கும்போது செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் கல்லூரிகளில் விதிகள் மாறின. 2006-07 பருவத்திலிருந்து உயர்நிலைப் பள்ளிகளிலும் கட்டுப்பாடு வந்தது. பையன்களுக்கு உடம்புக் கொழுப்பு 7 சதவீதத்துக்குக் கீழே, பெண்களுக்கு 12 சதவீதத்துக்குக் கீழே போகிற அளவுக்கு எடையைக் குறைக்க விடக் கூடாது. வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. மூன்று உயிர் போன பிறகுதான் எண்ணைச் சுற்றி வேலி போட்டார்கள்.

மதிப்பெண் சராசரிக்கும் அப்படி ஒரு வேலி வேண்டும் என்கிறேன். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. படிப்புக்கான விருதையும் கூட்டலாக்கினால் போதும். பருவத் தொடக்கத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், கடைசிவரை எத்தனை பேர் இருந்தார்கள், வந்தபோது எந்த மதிப்பெண்ணில் இருந்தவன் போகும்போது எங்கே இருந்தான் என்று கேளுங்கள். நடுவில் விட்டுப்போனவனுக்கு மெத்தையில் போலவே 6 புள்ளியை எதிரணிக்குக் கொடுங்கள். அப்போது 1.4-லிருந்து 2.4-க்கு வந்தவன்தான் அந்த அணியின் பெரிய வெற்றியாக இருப்பான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறிய ஷுல்ட்ஸ் பெயரில் கொடுக்கிற விருதுக்கும் அப்போதுதான் அர்த்தம்.

நாங்கள் எங்கள் தெருவில் ஒரு மாலை வகுப்பு நடத்துகிறோம். நோட்டுப் புத்தகம் வாங்க உதவி கேட்டுப் போன இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'தேர்ச்சி விழுக்காடு' என்று ஒரே ஒரு கட்டம். தோழர் ஒருத்தர் மெதுவாகச் சொன்னார்: "அந்த எட்டுப் பேரை நம்ம கணக்குல காட்ட வேண்டாமே, நூறுன்னு போட்டுறலாம். அடுத்த வருசம் அவங்களுக்கும் சேத்துத்தானே நோட்டு வாங்கப்போறோம்?" கெட்டவர் இல்லை அவர். எனக்கும் ஒரு நிமிசம் கை அந்தப் பக்கம் போனது. லட்டு ஞாபகம் வந்தது.

கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் எழுதினேன்: சேர்ந்தவர் 23. தேர்வு எழுதியவர் 23. தேறியவர் 15. மீதி 8 பேரும் இன்றைக்கும் சாயங்காலம் வருகிறார்கள்.

நோட்டு இன்னும் வரவில்லை. பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள்.